உயர்நிலை ஆங்கிலத் தேர்வுகளில் வாசிப்பும் இலக்கணமும்

தோற்றுவாய்

ஒரு மொழியைக் கற்றவர் அதனை எந்த அளவிற்குக் கற்றிருக்கிறார் என்று அளந்தறிவது எளிய செயலன்று. தொடக்க நிலையினரை அளப்பதில் இடர்ப்பாடு மிகுதியில்லை. எழுத்தறிவாரா, சில நூறு சொற்களை அறிவாரா, ஒருமை பன்மை மயங்காது எழுதுவாரா என்று பார்த்தாலே போதும். ஆனால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலம் பயின்று, பெரும்பாலும் பிழையின்றி எழுதவும் பேசவும் வல்லவராகிவிட்ட ஒருவரை அளக்கப் புகும்போதுதான், நம் கையிலுள்ள அளவுகோலே ஐயத்திற்கு உரியதாகிறது. எழுவாய்க்கேற்ற வினைமுற்று எது என்று அவரைக் கேட்பதால் விளையும் பயன் ஒன்றுமில்லை. அத்தகையோரின் வாசிப்புத் திறனையும் இலக்கணத் திறனையும் தேர்வு நடத்துவோர் எவ்வாறு சோதித்து வந்துள்ளனர், அவ்விரண்டும் இரு திறன்களா ஒரே திறனா, நம் வகுப்பறைக்கு அதனால் என்ன பயன் என்பனவற்றை இக்கட்டுரையில் காண முயல்வோம்.

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலத் தேர்வைப் பற்றிய ஆய்வு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். தமிழிலக்கணம் பயின்றவர்க்கே இச்சிக்கல் விரைவில் விளங்கும் என்பது நம் கருத்து.

ஓர் ஒற்றும் ஒரு காற்புள்ளியும்

‘தந்த பலகை’ என்பது ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்பது யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. ‘வேலை கொடு’ என்றால் பணி கொடு என்பது பொருள். ‘வேலைக் கொடு’ என்றால் வேல் என்னும் படைக்கலத்தைக் கொடு என்பது பொருள். இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும் என்னும் விதியை நம் மாணவர் ஒப்பிக்கத் தவறுவதில்லை. ஆயினும், ஒரு பத்தியின் நடுவே அந்த ஒற்று வரும்போது அதனைக் கண்டு பொருளை மாற்றிக்கொள்கிறாரா என்பது வேறு வினா. முன்னது இலக்கண அறிவு, பின்னது வாசிப்பு. விதியை அறிந்தும் ஒற்றைக் காணாது கடந்து செல்பவர் உண்டு. விதியை அறியாமலே பொருளைச் சரியாகப் பற்றிக்கொள்பவரும் உண்டு.

ஆங்கிலத்திலும் இதே நிலை உளது. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் சிங்கப்பூர்’ என்று தொடர்ந்து எழுதினால், உடன்பிறந்தார் பலருள் சிங்கப்பூரில் வாழ்பவர் என்று பொருள்படும். ‘மை பிரதர்’ என்பதன் பின்னும் ‘சிங்கப்பூர்’ என்பதன் பின்னும் காற்புள்ளி இட்டால், உடன்பிறந்தவர் ஒருவரே, அவர் வாழுமிடம் சிங்கப்பூர் என்பது உடன்செய்தி என்று பொருள்படும். தமிழில் ‘சிங்கப்பூரில் வாழும் என் அண்ணன்’ என்னும் பெயரெச்சத் தொடர் இரு பொருளுக்கும் இடந்தருகிறது. அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே, தமிழ் மாணவர் அக்காற்புள்ளியைக் கண்ணால் கண்டும் கருத்தால் காணாது போவது இயல்பே. அவருடைய தாய்மொழி அவ்விடத்தில் நின்று பார்க்கும் பழக்கத்தை அவருக்குத் தரவில்லை. இத்தகைய இடங்களைத் தேடிக் கண்டு வினா அமைப்பதே உயர்நிலைத் தேர்வின் உயிர்நிலை எனலாம்.

கேம்பிரிட்ஜ் தேர்வின் வரலாறு

உயர்நிலை ஆங்கிலத் தேர்வுகளுள் பழமையானதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘ப்ரொஃபிஷியன்ஸி’ தேர்வைச் சுட்டலாம். பிறமொழியாளர்க்கென அது 1913 இல் தொடங்கப்பெற்றது. மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, ஆங்கில இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதல், வாய்மொழித் தேர்வு என ஏறத்தாழ 12 மணி நேரம் நடைபெற்ற தேர்வு அது. முதலாண்டில் எழுதியோர் மூவர். மூவருமே தேறவில்லை! அன்றைய தேர்வாளரின் உள்ளக்கிடக்கையை இது ஒருவாறு புலப்படுத்துகிறது. மொழியை அறிவது என்றால் அம்மொழியைப் பற்றிய அனைத்தையும் அறிவது என்று அவர்கள் கருதினர். ஒலிக்குறி எழுதத் தெரிந்தவர் நாளிதழ்த் தலையங்கத்தின் நயத்தை உணர்வாரா என்னும் வினா அன்று முதன்மை பெறவில்லை.

பின்னாளில் ஒலியியலும் கட்டாய மொழிபெயர்ப்பும் விலகின. 1975 ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வாசித்துப் பொருளுணர்தல் ஒரு தாளாகவும், ‘மொழிப் பயன்பாடு’ என்னும் பெயரில் இலக்கணமும் சொல்லாட்சியும் மற்றொரு தாளாகவும் அமைந்தன. பல்லாண்டுகள் இவ்விரண்டும் தனித்தனியே நின்றன. 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டையும் ஒன்றாக்கி, 90 நிமிடத்தில் 7 பகுதிகளும் 53 வினாக்களும் கொண்ட ஒரே தாளாக்கினர். ஒரு நூற்றாண்டுப் பட்டறிவின் முடிவில் இலக்கணமும் வாசிப்பும் ஒரு கூரையின்கீழ் வந்து சேர்ந்தன என்பது கருதத்தக்கது.

ஏனைய தேர்வுகள் வேறு வழியில் இம்முடிவை நெருங்கின. 1964 இல் தொடங்கிய அமெரிக்க டோஃபெல் தேர்வில் வாக்கிய அமைப்பிற்கெனத் தனிப்பகுதி நெடுங்காலம் இருந்தது. 2005 இல் வந்த இணையவழித் தேர்வில் அப்பகுதி நீக்கப்பட்டது. 1989 இல் ஐஈஎல்டிஎஸ் உருப்பெற்ற காலத்தில் இலக்கணத்திற்கெனத் தனித்தேர்வு ஒன்றை வகுத்து முயன்று பார்த்தனர். அதில் மாணவர் பெற்ற மதிப்பெண்ணும் வாசிப்பில் பெற்ற மதிப்பெண்ணும் பெரிதும் ஒத்துச் சென்றன. ஒன்றையே இருமுறை அளப்பானேன் என்று இலக்கணத் தேர்வைக் கைவிட்டனர். அப்பணியில் பங்குகொண்ட சார்லஸ் ஆல்டர்சன் 1993 இல் இதனை விரிவாக எழுதியுள்ளார்.

கோடிட்ட இடங்கள்

பள்ளிப் பருவம் முதலே நாம் நன்கறிந்தது கோடிட்ட இடத்தை நிரப்புதல். அதனை ஆய்வுக் கருவியாக்கியவர் வில்சன் டெய்லர் என்னும் அமெரிக்கர். ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில், ஐந்தாவது சொல்தோறும் என்பதுபோல், சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் செய்யும் முறைக்கு 1953 இல் அவர் ‘க்ளோஸ்’ எனப் பெயரிட்டார். அவர் அளக்க விரும்பியது மாணவரை அன்று. இதழ்களில் வரும் உரைநடை எளிதா கடிதா என்பதையே அளக்க விரும்பினார். நூலை அளக்க எழுந்த கோல் பின்னர் மாணவரை அளக்கும் கோலாக மாறியது ஒரு சுவையான வரலாறு.

ஆனால், எண்ணி எண்ணி நீக்குவதில் ஒரு குறை உண்டு. எந்தச் சொல் விழும் என்பது நம் கையில் இல்லை. ஒருகால் ‘தி’ விழும். ஒருகால் ஓர் ஊரின் பெயர் விழும். ஊர்ப்பெயரை எவ்வளவு பெரிய அறிஞரும் ஊகித்தறிய இயலாது. இடைவெளியின் அளவை மாற்றினால் தேர்வு அளக்கும் பொருளே மாறிவிடுகிறது என்று மேற்கூறிய ஆல்டர்சன் 1979 இலேயே எடுத்துக்காட்டினார். ஆதலின், இன்றைய உயர்நிலைத் தேர்வுகளில் வினா அமைப்போர் தாமே தேர்ந்து சொற்களை நீக்குகின்றனர். பெரும்பாலும் இணைப்புச் சொற்களும், முன்னிடைச் சொற்களும், சுட்டுகளும் நீக்கப்படுகின்றன. நான்கு வரிகளுக்கு முன் சொல்லப்பட்ட கருத்தோடு இவ்வரி உடன்படுகிறதா முரண்படுகிறதா என்பதை அறியாமல், விடுபட்ட சொல் ‘தோ’வா ‘சின்ஸ்’ஸா என்று முடிவு செய்ய இயலாது. இது இலக்கண வினாவா, வாசிப்பு வினாவா? இரண்டும்தான் என்க.

கேம்பிரிட்ஜ் தாளின் ஏனைய பகுதிகளுள் சொல்லாக்கப் பகுதி நம் பகுபத உறுப்பிலக்கணத்தை நினைவூட்டுவது. பகுதியைக் கொடுத்து, தொடருக்கேற்ற முன்னொட்டும் விகுதியும் சேர்க்கச் சொல்வர். எதிர்மறை முன்னொட்டுத் தேவை என்பது பத்தி முழுவதையும் படித்தவர்க்கே புலப்படும். அவசரக்காரர் அங்கேதான் வழுக்கி விழுவர். தொடர் மாற்றப் பகுதியில் ஒரு தொடரையும் மாற்றக்கூடாத ஒரு சொல்லையும் தந்து, அச்சொல்லைக் கொண்டு அதே பொருளை மூன்று முதல் எட்டுச் சொற்களுக்குள் வேறு வடிவில் எழுதச் சொல்வர். வந்திருக்கலாமே என்று வருந்துவதை ‘விஷ்’ என்னும் சொல்லால் சொல்ல வேண்டின், ‘ஐ விஷ் ஐ ஹேட் கம்’ என நிறைவிறந்தகாலம் வரவேண்டும். தமிழில் ‘வந்திருக்கலாம்’ என்னும் ஒரே சொல் வருத்தத்தையும் ஐயத்தையும் உணர்த்துவதால், இங்கு நம் மாணவர் தடுமாறுகின்றனர். ஏழு பத்திகளை எடுத்துவிட்டு, பொருந்தாத ஒன்றைக் கூடுதலாகக் கலந்து, எட்டிலிருந்து உரியவற்றை உரிய இடத்தில் வைக்கச் சொல்லும் பகுதியும் உண்டு. பகுதிகளுள் சிறந்தது இதுவே என்பது நம் மதிப்பீடு. ‘திஸ்’ எதனைச் சுட்டுகிறது, ‘சச்’ எதனைத் தழுவுகிறது என்று அறியாதவர்க்கு அங்கு ஊகம் கைகொடுக்காது.

ஊகத்தால் பெறும் மதிப்பெண்

பத்தியைக் கொடுத்து நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாவே நம் கல்லூரிகளில் பெருவழக்கு. அமைப்பது எளிது, திருத்துவது அதனினும் எளிது. ஆனால், பல வினாக்களுக்குப் பத்தியைப் படிக்காமலே விடையளிக்க முடியும். உலகறிவு உதவும், மிக நீண்ட விடையே சரியான விடையாக இருக்கும் வழக்கமும் உதவும். ஆசிரியர் எவரும் இதனைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். பத்தியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவரிடம் தந்தால் போதும். பத்துக்கு ஆறேழு அவர் சரியாக விடையளிப்பாரேல், அது வாசிப்புத் தேர்வன்று; பொது அறிவுத் தேர்வு. ஐஈஎல்டிஎஸ் வாசிப்புத் தாளில் ‘சரி’, ‘தவறு’ என்பனவற்றோடு ‘கூறப்படவில்லை’ என்னும் மூன்றாம் விடையை வைத்திருப்பது இந்த ஊகத்திற்கு ஓரளவு அணை போடுகிறது. தமக்குத் தெரிந்ததை எல்லாம் நூலாசிரியரும் சொல்லியிருப்பார் என்று கருதுவோர் அங்குத் தவறுவர். நன்கு படித்தவர்களே அதில் மிகுதியும் தவறுவதுண்டு.

உயர்நிலை மாணவரை ஏமாற்றுவன அருஞ்சொற்கள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவரை ஏமாற்றுவன எளிய சொற்களே. ‘ஐ குடின்ட் அக்ரீ மோர்’ என்பதில் தெரியாத சொல் ஒன்றுமில்லை. இருப்பினும் முழு உடன்பாட்டைத் தெரிவிக்கும் அத்தொடரை மறுப்பாகக் கொள்வோர் பலர். ‘ஷுட் யூ நீட் ஹெல்ப்’ என்று தொடங்கும் வரியை வினாவாகப் படித்துவிட்டு, வினாக்குறி எங்கே என்று திகைப்போரும் உளர். ‘உதவி தேவைப்படுமாயின்’ என்னும் நிபந்தனை எச்சம் அது. அகராதியைப் புரட்டினாலும் இங்குப் பயனில்லை. வாசிப்பில் நேர்ந்த இவ்விடறலுக்குக் காரணம் இலக்கணமே.

வகுப்பறையில் இரண்டையும் பிரித்தல்

தேர்ந்தெடுக்கும் தேர்வுகள் இரண்டையும் இணைத்தது முறையே. பல்கலைக்கழகம் ஒன்று ஒரு மாணவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அறிய மொத்த மதிப்பெண்ணே போதும். ஆனால், ஆசிரியர்க்கு அது போதாது. அறுபது மதிப்பெண் பெற்ற இருவருள் ஒருவர் தொடரமைப்பை அறியாதவராகவும், மற்றவர் அறிந்தும் விரைந்து படிப்பவராகவும் இருக்கலாம். காய்ச்சல் என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொண்டு மருந்து கொடுக்க முடியுமா? ஆதலின், தேர்வாணையங்கள் இணைத்ததை வகுப்பறையில் நாம் மீண்டும் பிரித்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அதற்கு இரட்டை வினா முறை ஏற்றது. ஒரே தொடரின்மீது முதலில் பொருள் வினாவும், சற்று இடைவெளிவிட்டு அமைப்பு வினாவும் கேட்பது அது. இரண்டிலும் தவறுவோர்க்கு இலக்கணம் கற்பிக்க வேண்டும். அமைப்பை அறிந்தும் பொருளில் தவறுவோர்க்கு இலக்கண வகுப்பு வீண். நிதானமாகப் படிக்கும் பயிற்சியே அவர்க்கு வேண்டும். நம் தனிக்கவனத்திற்கு உரியவர், பொருளைச் சரியாகச் சொல்லி அமைப்பில் தவறுபவர். அவர் சூழலைக் கொண்டு ஊகித்துவிட்டார். சூழலும் தொடரும் ஒத்துச் செல்லும் வரை அவருடைய குறை வெளிப்படாது; எதிர்பாராத செய்தி ஒன்று எழுத்தில் வரும் நாளில்தான் வெளிப்படும். அந்நாள் தேர்வு நாளாக இல்லாமலும் போகலாம்.

நம் பகுதி இளைஞர் பலர் பட்டம் பெற்றதும் வெளிநாட்டுப் பணிக்கு ஒப்பந்தத்தாளில் கையொப்பமிடுகின்றனர். அவ்வகைத் தாளில் வரக்கூடிய தொடர் ஒன்றை நாமே அமைத்துப் பார்ப்போம்: ‘தி கம்பெனி ஷல் ப்ரொவைட் ஏர் டிக்கெட்ஸ் ப்ரொவைடட் தட் தி எம்ப்ளாயீ ஹேஸ் கம்ப்ளீட்டட் டூ இயர்ஸ்.’ ‘ப்ரொவைட்’ என்னும் சொல் இதில் இருமுறை வருகிறது. முன்னது ‘வழங்கும்’ என்னும் வினை. பின்னது ‘இருந்தால் மட்டுமே’ என்னும் நிபந்தனைச் சொல். பின்னதையும் ‘வழங்கப்பட்டது’ என்று கொள்பவர், பயணச்சீட்டு எப்போதும் உண்டு என்று நம்பிக் கையொப்பமிடுவார். இத்தொடரின்மீது கேட்கத்தக்க பொருள் வினா இது: பதினெட்டு மாதம் பணியாற்றிவிட்டு ஊர் திரும்ப விரும்புபவர்க்கு நிறுவனம் பயணச்சீட்டுத் தரக் கடமைப்பட்டுள்ளதா? அமைப்பு வினா இது: இரண்டாவது ‘ப்ரொவைடட்’ என்பதை நீக்கிவிட்டுப் பொருள் மாறாமல் அவ்விடத்தில் இடத்தக்க வேறு சொல் யாது? ‘இஃப்’ என்று எழுதுபவர்க்கு மதிப்பெண் தரலாம். ‘ஓன்லி இஃப்’ என்று எழுதுபவர்க்கு இன்னும் ஒரு மதிப்பெண் கூட்டித் தருவதில் தவறில்லை.