நின்ற கட்டத்திலிருந்து எண்ணுவோம்

ஆறாம் வகுப்புக்கு வரும் மாணவர்களில் சிலர், 27உடன் 5ஐக் கூட்டச் சொன்னால் 1இல் இருந்து எண்ணத் தொடங்குவதைப் பல ஆசிரியர்கள் பார்த்திருப்போம். 27ஐ மனத்தில் நிறுத்தி, அதற்கு மேல் எண்ணும் திறன் அவர்களுக்குக் கைவரவில்லை. இந்த இடைவெளி ஆறாம் வகுப்பில் உருவாவதில்லை. முதல் மூன்று வகுப்புகளில் உருவாகி, பின்னம், விகிதம் என்று பாடம் வளர வளரத் தானும் வளர்கிறது. இதைத் தொடக்கத்திலேயே சரிசெய்ய நம் வீட்டுத் திண்ணை விளையாட்டுகள் உதவும் என்பதே என் வகுப்பறை அனுபவம்.

திருவண்ணாமலையில் நான் பணியாற்றும் அரசு நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை கணக்குப் பாடம் எடுக்கிறேன். வாரம் இருமுறை மதிய இடைவேளையில், என் மாணவர்கள் சிறு வகுப்புப் பிள்ளைகளுடன் அமர்ந்து பரமபதமும் பல்லாங்குழியும் ஆடுகிறார்கள்.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ராமணி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் பாலர் வகுப்புக் குழந்தைகள், 1 முதல் 10 வரை எண்ணிட்ட நேர்க்கோட்டுக் கட்டங்களில் காய் நகர்த்தி ஆடினார்கள். இரண்டு வாரங்களில், கால் மணி நேரம் வீதம் நான்கு முறைதான் ஆட்டம். எண்களின் அளவை மதிப்பிடுவதில் வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் முன்பு இருந்த வேறுபாடு மறைந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணம் தீட்டிய கட்டங்களில் ஆடிய குழந்தைகளிடம் இந்த முன்னேற்றம் இல்லை. வட்டமாக அமைத்த கட்டங்களைவிட நேர்க்கோட்டுக் கட்டங்களே கூடுதல் பயன் தந்தன என்பதும் அடுத்த ஆய்வில் தெரிந்தது.

எண்ணும் முறைதான் முக்கியம்

காய் 23இல் நிற்கிறது, 4 விழுகிறது. பெரும்பாலான குழந்தைகள் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்றுதான் நகர்த்துவார்கள். "இருபத்து நான்கு, இருபத்து ஐந்து, இருபத்து ஆறு, இருபத்து ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தப் பழக்க வேண்டும். சீக்லரும் எலிடா லாஸ்கியும் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. நின்ற எண்ணிலிருந்து மேலே எண்ணிய குழந்தைகள் நன்கு முன்னேறினார்கள். ஒவ்வொரு முறையும் 1இல் தொடங்கியவர்கள் அந்த அளவு பயன்பெறவில்லை. ஆட்டம் ஒன்றே, எண்ணிய முறை வேறு. எனவே எங்கள் பள்ளியில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம்: கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொன்னால்தான் காய் நகரும்.

வகுப்புக்கேற்ற ஆட்டங்கள்

1ஆம் வகுப்பு: கடையில் கிடைக்கும் 100 கட்டப் பரமபதத்தில் வரிசைகள் வலமும் இடமுமாக மாறி மாறிச் செல்வதால் சிறு பிள்ளைகள் குழம்புவார்கள். கிரிவலப்பாதை 14 கி.மீ. என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதை நேர்க்கோடாக்கி, 0 முதல் 14 வரை தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். ஒரு பக்கம் வெள்ளை தெரிய உரசிய இரண்டு புளியங்கொட்டைகளே பகடை. விழும் வெள்ளையின் எண்ணிக்கைதான் நகர்வு. வெள்ளையே விழாவிட்டால் பூச்சியம், காய் நகராது. பூச்சியத்தின் பொருளும் அங்கேயே புரிகிறது.

2, 3ஆம் வகுப்பு: பல்லாங்குழி. 14 குழிகளில் ஐந்தைந்தாகப் போட்டால் மொத்தம் 70 விதைகள். ஒரு குழியை அள்ளும் முன், "கடைசி விதை எந்தக் குழியில் விழும்?" என்று கேளுங்கள். குழந்தை தொடாமல் எண்ணப் பழகும்.

4, 5ஆம் வகுப்பு: ஆடு புலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. அடுத்தவர் என்ன செய்வார் என்று யோசித்த பிறகே காய் வைக்க முடியும்.

6 முதல் 8 வரை: தாயம். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு பக்கங்கள். இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 வகைகளில் விழலாம். அவற்றில் தாயம் 2, மூன்று 4, ஆறு 1; இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் 1. தாயம் ஏன் எளிதில் விழுவதில்லை என்பதை மாணவர்களே பட்டியலிட்டுக் கண்டறியட்டும். நிகழ்தகவுக்கு இதைவிட நல்ல அறிமுகம் இல்லை.

பெற்றோரின் தயக்கம்

"சீட்டு" என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பு. பணம் வைத்த ஆட்டத்தால் நொடித்த குடும்பங்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த அச்சத்தை நாம் மதிக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, 1 முதல் 10 வரை நான்கு தொகுதி எண் அட்டைகள் செய்தோம். இரண்டு அட்டைகளைத் திருப்பிப் பெரிய எண்ணைக் கண்டறிவது, கூட்டினால் 10 வரும் இணையைத் தேடுவது ஆகியவையே ஆட்டங்கள். பெற்றோர் கூட்டத்தில் அவர்களையே ஆடச் செய்தபோது தயக்கம் குறைந்தது. தாத்தா பாட்டிகள் பல்லாங்குழிக்குப் புது விதிகளைச் சொல்லித் தந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேத்திக்குக் கணக்குச் சொல்லித்தர முடியும் என்பதை இந்த ஆட்டங்கள் காட்டின.

தோற்கவும் பழகட்டும்

ஏழு வயதுக் குழந்தை பாம்பில் இறங்கியதும் அழலாம், படத்தையே கலைக்கலாம். பகடை ஆட்டத்தில் தோல்வி யாருடைய குறையும் அல்ல என்பதைச் சொல்லிப் புரியவைக்கலாம். தோற்றவர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார் என்ற விதி நல்ல பலன் தருகிறது. பரிசு, மதிப்பெண் எதுவும் வேண்டாம். தன் முறைக்குக் காத்திருப்பதும், அடுத்தவர் எண்ணுவது சரியா என்று கவனிப்பதும் கற்றலே.

எப்படி மதிப்பிடுவது?

தனித்தேர்வு தேவையில்லை. ஒரு குறிப்பேட்டில் மூன்று கேள்விகள் போதும். பகடைப் புள்ளியை எண்ணாமலே சொல்கிறாரா? நின்ற எண்ணிலிருந்து மேலே எண்ணுகிறாரா? போய்ச் சேரும் கட்டத்தை நகர்த்தும் முன்பே சொல்கிறாரா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அந்தக் குழந்தை கூட்டலுக்குத் தயார்.

சாக்பீஸும் புளியங்கொட்டையும் இல்லாத பள்ளி இல்லை. இந்த வாரமே ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் 1இல் இருந்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள், ஆசிரிய நண்பர்களே. ஆட்டத்தை அவர்களோடு தொடங்குங்கள்.