ஒரு பெயர், இரு மதிப்பு: இந்திய – இலங்கை ரூபாய் மாற்று விகிதமும் மலையகத் தமிழ்ப் பனுவல்களின் தொகைக் குறிப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

இந்திய நாணயமும் இலங்கை நாணயமும் 'ரூபாய்' என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன. 1966 ஜூன் வரை இவ்விரண்டும் சமமதிப்பு உடையனவாக இருந்தன. அதன்பின் அச்சமநிலை குலைந்தது. மலையகத் தமிழர் வாழ்வு குறித்த பனுவல்களில் இடம்பெறும் தொகைகளைப் பொருள்கொள்வதில் இம்மாற்றம் ஏற்படுத்தும் விளைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ரூபாய், சதம், மாற்று விகிதம், மதிப்பிறக்கம், மலையகம், தாயகம் திரும்பியோர்.

முன்னுரை

தோட்டத் தொழிலாளரைப் பற்றிய கதைகள், கடிதங்கள், தன்வரலாறுகள், ஆவணங்கள் ஆகியவற்றில் கடனும் கூலியும் சேமிப்பும் இடையறாது பேசப்படுகின்றன. அவற்றை ஆராய்வோர் 'ரூபாய்' என்னும் சொல்லை எங்கும் ஒரே அளவாகக் கொண்டுவிடும் வாய்ப்பு உண்டு. எந்த நாட்டு ரூபாய், எந்த ஆண்டின் ரூபாய் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே ஒரு தொகையின் அளவை உணர இயலும்.

சமமதிப்புக் காலம்

பிரித்தானியர் ஆட்சியில் இந்திய வெள்ளி ரூபாயே இலங்கையின் அடிப்படை நாணயமாக ஏற்கப்பட்டது. 1872-இல் அது நூறு சதங்களாகப் பகுக்கப்பட்டது. 1884-இல் ஓரியண்டல் வங்கி வீழ்ந்தபின் இலங்கை அரசே தாள் நாணயம் வெளியிடத் தொடங்கியது. அதன் மதிப்பும் இந்திய ரூபாயையே பற்றி நின்றது. எனவே 1927-இல் இந்திய ரூபாயின் மதிப்பு 1 சில்லிங் 6 பென்சாக நிலைநிறுத்தப்பட்டபோது இலங்கை ரூபாயும் அதே மதிப்பைப் பெற்றது. 1949-இல் பவுண்டுடன் சேர்ந்து இரு ரூபாய்களும் ஒரே அளவில் மதிப்பிறக்கம் கண்டன. 1950-இல் இலங்கை மத்திய வங்கி தோன்றியபோதும் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.76 ரூபாய் என்னும் விகிதமே இரு நாடுகளிலும் நிலவியது.

இச்சமநிலையின் சமூகப் பயன் கங்காணி முறையில் தெளிவாகப் புலப்படுகிறது. தமிழகச் சிற்றூரில் கங்காணி அளித்த முன்பணம் தோட்டத்துக் கணக்கில் அதே எண்ணிக்கையில் கடனாக ஏறியது. தொழிலாளரின் கடனைக் குறித்த 'துண்டு' முறை 1921-இல் ஒழியும்வரை அவ்வெண்ணுக்குக் கடலின் இரு கரையிலும் ஒரே மதிப்பு இருந்தது. கடன் பெருகியதற்குப் பிற காரணங்கள் பல இருக்கலாம். நாணய மாற்று அவற்றுள் ஒன்றன்று.

சில்லறை வழக்கும் பனுவல் சான்றும்

ரூபாய் சமமாயினும் அதன் பிரிவுகள் வேறுபட்டன. இந்தியாவில் 1957 ஏப்ரல் வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. இலங்கையில் 1872 முதலே நூறு சதம். ஆதலால் ஓர் அணா ஆறேகால் சதத்துக்கும், எட்டணா ஐம்பது சதத்துக்கும் நிகராகும். ஒரு பனுவலில் 'சதம்' வருமிடத்து இலங்கைக் கணக்கும், 'அணா' வருமிடத்து இந்தியக் கணக்கும் பேசப்படுவதாகக் கருத இடமுண்டு. எனினும் பழகிய சொல் நாணயத்தைக் கடந்தும் பேச்சில் நிலைக்கக்கூடும் என்பதால், பிற அகச்சான்றுகளோடு பொருத்திப் பார்த்தே இதனை முடிவு செய்தல் வேண்டும்.

பிரிவும் நாலாயிரம் ரூபாயும்

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வழிவகுத்தது. இந்தியா செல்லும் குடும்பம் ஒன்று எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழ்க் குறைக்கப்படாது எனவும் அது உறுதியளித்தது. இலங்கையிலிருந்து வெளியேறும் சொத்தைக் குறிப்பதால் இதனை இலங்கை ரூபாயாகவே கொள்ளுதல் தகும். ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளில் இவ்வேறுபாட்டுக்குத் தேவையே எழவில்லை.

இருபது மாதங்களுக்குள் நிலை மாறியது. 1966 ஜூன் 6-இல் இந்தியா டாலருக்கு 4.76 என்பதை 7.50 ஆக மாற்றியது, இலங்கை மாற்றவில்லை. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பிறக்கத்தைத் தொடர்ந்து இலங்கை தன் விகிதத்தை 5.95 ஆக்கியது. 1968 மே மாதம் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. இலங்கையில் இரட்டை விகிதம் நிலவலாயிற்று. 1977 நவம்பரில் விகிதங்கள் ஒன்றாக்கப்பட்டு, டாலருக்கு 16 ரூபாய் என்னும் நிலையிலிருந்து நாணயம் மிதக்கவிடப்பட்டது.

அதிகாரப்பூர்வ விகிதப்படி 4,000 இலங்கை ரூபாயின் இந்திய மதிப்பு பின்வருமாறு அமைகிறது:

1966 ஜூன் 6-க்கு முன்: 4,000 ரூபாய்.
1966 ஜூன் – 1967 நவம்பர்: 6,300 ரூபாய்.
1967 நவம்பர் மதிப்பிறக்கத்தை அடுத்து: 5,040 ரூபாய்.
1977 நவம்பர் மாற்றத்தை அடுத்து: ஏறத்தாழ 2,200 ரூபாய்.

ஒரே உறுதிமொழி, ஒரே எண். ஆயின் இராமேசுவரத்தில் இறங்கிய ஆண்டைப் பொறுத்து அதன் மதிப்பு வேறுபட்டது. இக்கணக்கு அதிகாரப்பூர்வ விகிதத்தை மட்டும் காட்டுவது. செலாவணிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் சந்தை விகிதம் இதிலிருந்து விலகி நிற்கும். விலைவாசி உயர்வும் இதில் அடங்கவில்லை. ஆகவே ஒருவர் உண்மையில் கையில் பெற்ற தொகைக்கு இதனை நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் கூடாது.

முடிவுரை

மலையகப் பனுவல்களில் வரும் தொகைகளை 1966-க்கு முற்பட்டவை, பிற்பட்டவை எனப் பகுத்து நோக்குதல் இன்றியமையாதது. முற்பட்டவற்றில் எந்நாட்டு ரூபாய் என்பது மதிப்பைப் பாதிப்பதில்லை. பிற்பட்டவற்றில் அதுவே மதிப்பைத் தீர்மானிக்கிறது. பதிப்பாசிரியர்கள் தொகைக் குறிப்புகளுக்கு நாட்டையும் ஆண்டையும் சுட்டும் அடிக்குறிப்பு அளித்தல் பயன்தரும். அவ்வாறு செய்யாதவிடத்து, தாயகம் திரும்பியோரின் இழப்பை மிகைப்படுத்தவோ குறைத்து மதிப்பிடவோ நேரும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பு ஓர் எண்ணாகச் சுருங்கி நிற்கும்போது, அவ்வெண்ணைச் சரியாகப் படித்தல் ஆய்வாளரின் கடமையாகிறது.