சாயம் ஏறிய செல்லும் ஏறாத செல்லும்

நோய்க்குறியியல் துறையில் புதிதாக நுண்ணோக்கியின் முன் அமரும் இளம் மருத்துவருக்கு,

கட்டியின் ஸ்லைடில் பழுப்புச் சாயம் ஏறியிருப்பதைக் கண்டவுடன் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடும் அவசரம் இத்துறைக்குப் புதியவர்களிடம் இயல்பாகவே காணப்படுவது. ஆனால் எந்தச் செல்லில், செல்லின் எந்தப் பக்கத்தில், எத்தனை விழுக்காட்டுச் செல்களில் என்ற கேள்விகளுக்கு அந்த ஒற்றைச் சொல்லில் விடை இல்லை.

அந்தச் சாயம் காட்டுவது ஆன்டிஜெனை; ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புரதம் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் மூலக்கூறே அது. புற்றுச் செல்லில் மட்டும் இருந்து இயல்பான செல்லில் அறவே இல்லாத ஆன்டிஜெனைத் தேடிப் பல ஆண்டுகள் கழிந்தன. அகப்பட்டவற்றுள் பெரும்பாலானவை நலமான திசுவிலும் இருந்தன. 1965இல் கோல்டும் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் கண்டறிந்த கார்சினோஎம்ப்ரியானிக் ஆன்டிஜென், கருவுக்கும் புற்றுக்கும் மட்டுமே உரியது என்று முதலில் கருதப்பட்டது. நலமான பெருங்குடலிலும் அது உண்டு என்பதும், அங்கே செல்லின் குடற்குழி நோக்கிய விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகத் தங்கி மலத்தோடு கழிந்துவிடுகிறது என்பதும் பின்னரே தெரிந்தன. கட்டியிலோ செல்லின் மேல் கீழ் ஒழுங்கு குலைந்துவிடுவதால் அது சுற்றிலும் பரவி, இரத்தத்திலும் கலக்கிறது. பொருள் ஒன்றே, இருப்பிடம்தான் வேறு.

அளவு வேறுபடுவதற்கு மார்பகப் புற்றின் ஹெர்2 ஏற்ற சான்று. இயல்பான மார்பகச் செல்லின் பரப்பில் சுமார் 20,000 ஹெர்2 ஏற்பிகள் இருக்க, அதன் மரபணு பெருகிய புற்றுச் செல்லில் அவை 20 லட்சம் வரை உயரக்கூடும். ஊடுருவும் புற்றுச் செல்களில் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றின் சவ்வு முழுவதும் அடர்த்தியாகச் சாயம் ஏறினால் 3+ என்றும், சாயம் மங்கலாகவோ மிதமாகவோ சுற்றி நின்றால் 2+ என்றும் மதிப்பிடுவர். 2+ என்பது முடிவு சொல்லாத நிலையாதலால், மரபணுவின் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் சோதனை தேவைப்படுகிறது. அதே ஸ்லைடில் கட்டியை ஒட்டிக் கிடக்கும் இயல்பான பால்நாளங்களை முதலில் பார்ப்பது நல்ல பழக்கம். அவையும் அடர்த்தியாகப் பழுப்பேறியிருந்தால் அந்தச் சாயத்தையே நம்ப இயலாது, சோதனையைத் திரும்பச் செய்வதே முறை. திசுவின் ஓரத்தில் மட்டும் தடித்து நிற்கும் நிறத்தையும், அறுவை அரங்கிலிருந்து தாமதமாக ஃபார்மலினுக்கு வந்து சேர்ந்த திசுவையும் ஐயத்தோடு பார்ப்பதே தகும். ஆன்டிஜென் இல்லாததும் கெட்டுப்போனதும் ஸ்லைடில் ஒன்றுபோலவே வெறுமையாகத் தோன்றும்.

அதே ஹெர்2வுக்கு இரைப்பைப் புற்றில் சுரப்பிச் செல்களின் பக்கவாட்டிலும் அடியிலும் மட்டும் சாயம் ஏறி, மேல்விளிம்பு வெறுமையாக நிற்பதால், அது ஆங்கில ‘யு’ எழுத்துப்போலத் தெரியும். சவ்வு முழுவதும் சூழ வேண்டும் என்ற மார்பக விதியை அங்கே பொருத்துபவர், ஹெர்2வைத் தாக்கும் மருந்து பெறத் தகுந்த நோயாளியை விட்டுவிடுவார். ஒரே கட்டியில் ஒரு மூலை 3+ ஆகவும் அடுத்த மூலை வெறுமையாகவும் இருப்பது இவ்வகைப் புற்றில் மிகுதியாதலால், ஒரேயொரு பயாப்ஸித் துண்டை வைத்து ‘நெகட்டிவ்’ எனத் தீர்ப்பது துணிச்சலேயன்றித் திறமையாகாது.

இயல்பான செல்லில் உள்ள சிறிதளவை ‘இல்லை’ என்று எண்ணிவிடுவதன் விலை 2010இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில் பதிவாகியுள்ளது. ஹெர்2வைத் தாக்குமாறு மாற்றியமைக்கப்பட்ட டி செல்கள் செலுத்தப்பட்ட பெருங்குடல் புற்று நோயாளி ஒருவருக்கு 15 நிமிடங்களுக்குள் மூச்சுத் திணறல் ஏற்பட்டது. ஐந்தாம் நாள் அவர் இறந்தார். நுரையீரல் மேலணிச் செல்களில் இருந்த மிகக் குறைந்த ஹெர்2வே அந்த டி செல்களின் இலக்காகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

காலமும் புற்றை மாற்றுகிறது. சிடி19 ஆன்டிஜெனைக் குறிவைக்குமாறு மாற்றிய டி செல்களைச் செலுத்தும் கார்-டி சிகிச்சையால் அடங்கிய இரத்தப்புற்று, சிலரிடம் சிடி19 இல்லாத செல்களாகவே திரும்பி வருகிறது. ஆகவே நோய் திரும்பிய ஒருவரின் மாதிரி மேசைக்கு வரும்போது, பழைய அறிக்கையின் வரியைப் புதியதில் அப்படியே எழுதாமல், சோதனையைப் புதிதாகச் செய்து, பழைய ஸ்லைடையும் வரவழைத்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.