ஐந்து சான்றுகள் நிரூபணம் ஆகுமா?
4294967297 என்ற எண்ணைக் கொண்டு ஒரு வகுப்பறைச் செயல்பாடு

‘நான்கைந்து எடுத்துக்காட்டுகளுக்குச் சரியாக வருகிறது, எனவே விதி சரி’ என்று மாணவர்கள் எளிதில் முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த எண்ணத்தை மாற்ற, கணித வரலாறு நமக்குத் தந்துள்ள ஓர் எண் 4294967297.

முதலில் கீழ்க்காணும் அமைப்பைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65537

ஐந்தும் பகா எண்கள். அடுத்த எண் 2³² + 1, அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297. இதுவும் பகா எண்தானா? மாணவர்களின் ஊகத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

1640இல் பிரெஞ்சு கணித அறிஞர் பெர்மா, இவ்வமைப்பில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று கருதினார். ஆனால் அவரிடம் நிரூபணம் இல்லை.

செயல்பாடு 1 (6 முதல் 8ஆம் வகுப்பு வரை)

வகுபடும் தன்மை விதிகளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கடைசி இலக்கம் 7. எனவே 2, 5 ஆகியவற்றால் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 59. எனவே 3ஆல் வகுபடாது. ஒன்றுவிட்ட இலக்கங்களின் கூடுதல்கள் 21, 38, வித்தியாசம் 17. எனவே 11ஆலும் வகுபடாது.

இப்படியே தொடர்ந்தால் 65536 வரையுள்ள 6542 பகா எண்களையும் சோதிக்க நேரிடும். இங்கேதான் ஆய்லரின் கண்டுபிடிப்பு கைகொடுக்கிறது. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதை 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று அவர் நிறுவினார். அத்தகைய பகா எண்களில் முதல் ஐந்து: 193, 257, 449, 577, 641.

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் எண்ணைக் கொடுத்து வகுக்கச் செய்யுங்கள். மீதிகள் முறையே 109, 2, 325, 288, 0. ஐந்தாவது குழு விடையைக் கண்டுவிடும்!

4294967297 = 641 × 6700417

1732இல் ஆய்லர் வெளியிட்ட இக்காரணி, பெர்மாவின் ஊகத்தைத் தகர்த்தது.

செயல்பாடு 2 (10ஆம் வகுப்பு)

மட்டு எண்கணிதம் கற்றவர்கள் நீள்வகுத்தல் இன்றியே இதை நிறுவலாம்.

641 = 5 × 2⁷ + 1; எனவே 5 × 2⁷ ≡ −1 (மட்டு 641).
இருபுறமும் நான்காம் அடுக்கு காண, 5⁴ × 2²⁸ ≡ 1.
மேலும் 641 = 625 + 16 = 5⁴ + 2⁴; எனவே 5⁴ ≡ −2⁴.
இதைப் பிரதியிட, −2³² ≡ 1.
ஆகவே 2³² + 1 ≡ 0 (மட்டு 641).

கலந்துரையாடலுக்கு

ஒரு விதியை நிறுவ ஐந்து எடுத்துக்காட்டுகள் போதவில்லை. தவறென்று காட்ட ஒரே ஓர் எதிர் எடுத்துக்காட்டு போதுமானதாக இருந்தது. ஏன்? 65537க்குப் பிறகு இவ்வமைப்பில் வேறொரு பகா எண் இதுவரை கண்டறியப்படவில்லை. அதனால் ‘இனி எதுவுமே பகா எண் அல்ல’ என்று சொல்லிவிடலாமா? இக்கேள்விக்கு மாணவர் தரும் பதிலே இப்பாடத்தின் மதிப்பீடாக அமையட்டும்.