அமெரிக்கத் தெற்கு: வரைபடத்தில் சிவப்பு, வாக்குப்பெட்டியில் வேறு

அமெரிக்கத் தேர்தல் இரவுகளில் தொலைக்காட்சி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். டெக்சாஸிலிருந்து தென் கரோலினா வரை கீழ்ப்பாதி முழுக்கக் குடியரசுக் கட்சியின் சிவப்பு. டல்லாஸிலோ அட்லாண்டாவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு மறுநாள் ஊரிலிருந்து போன் வரும்: "உங்க பக்கம் எல்லாரும் டிரம்ப் கட்சிதானேப்பா?"

அந்தச் சிவப்பு, வென்றவரின் நிறம். தோற்றவருக்கு விழுந்த வாக்குகளுக்கு அந்த வரைபடத்தில் இடமே கிடையாது. அதனால்தான் தெற்கைப் பற்றிய பல நம்பிக்கைகள் கேள்வி கேட்பாரின்றி உலவுகின்றன.

நம்பிக்கை: தெற்கு முழுக்க ஒரே அரசியல்.

2020இல் டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியின் பைடன் தோற்றார். ஆனால் அங்கே அவருக்கு விழுந்தவை 52 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். அதே தேர்தலில் டிரம்புக்கு டெக்சாஸில் கிடைத்ததைவிட, அவர் படுதோல்வி அடைந்த கலிபோர்னியாவில் கிடைத்த வாக்குகள் அதிகம். ஜார்ஜியாவில் பைடன் வென்ற வித்தியாசம் வெறும் 11,779. நான்கு ஆண்டு கழித்து அதே மாநிலம் டிரம்ப் பக்கம் திரும்பியது. உள்நாட்டுப் போரில் தெற்கின் தலைநகராக இருந்த ரிச்மண்ட், வர்ஜீனியாவில் இருக்கிறது. அந்த வர்ஜீனியா 2008 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வருகிறது. 2021இல் மரண தண்டனையை ஒழித்த முதல் தென் மாநிலமும் அதுதான்.

மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இந்த வேறுபாடு? மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும். டைனோசர் காலத்தில் இன்றைய அலபாமாவின் நடுப்பகுதி கடலோரம். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவத்தின் மேல் உருவானது ஒரு கரிசல் பட்டை. மழையில் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கோவில்பட்டிப் பக்கத்து விவசாயி பார்த்தால் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார். கரிசல் என்றால் பருத்தி. அங்கே பருத்தி என்றால் அடிமைகள். அந்த அடிமைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அதே பட்டையில் பெரும்பான்மையாக வாழ்ந்து, பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். தேர்தல் முடிவுகளைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாக எடுத்துப் பார்த்தால் அலபாமாவின் சிவப்புக்கு நடுவே பிறை வடிவில் ஜனநாயகக் கட்சியின் நீலக் கோடு ஒன்று ஓடும். பழைய கடற்கரை ஓடிய தடம் அது.

மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் சுமார் 38 சதவீதம். நாட்டிலேயே அதிகம். ஜார்ஜியாவில் மூன்றில் ஒரு பங்கு. கணக்குப்படி பார்த்தால் முதலில் நீலமாகியிருக்க வேண்டியது மிசிசிப்பி. ஆகவில்லை. அங்கே வெள்ளையர்களில் பெருவாரியானோர் குடியரசுக் கட்சி. வெளியூர்க்காரர்களை இழுக்கும் பெருநகரமும் இல்லை. ஜார்ஜியாவுக்கோ அட்லாண்டா இருந்தது. வடக்கிலிருந்து திரும்பிய கறுப்பினக் குடும்பங்கள், ஆசியர்கள், படித்த வெள்ளையர்கள் எல்லாரும் அதன் புறநகர்களில் குடியேறினார்கள். 2012 வரை குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த காப், குவினெட் கவுண்டிகள் 2016இல் கைமாறின.

அதற்காக மிசிசிப்பியை ஒரே நிறமாகப் பார்ப்பது பெரிய அநியாயம். 2020இல் அங்கே வாக்களித்தவர்களில் பத்தில் நான்கு பேர் பைடனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாக்குரிமை எப்படி வந்தது என்பதை மறக்கவே கூடாது. 1962 ஆகஸ்ட் 31 அன்று ஃபேனி லூ ஹேமர் என்ற பண்ணைத் தொழிலாளி வாக்காளராகப் பதிவு செய்ய இண்டியானோலா நகருக்குப் பேருந்தில் போனார். மாநில அரசியல் சாசனத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். அந்தத் தேர்வில் அவரைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார்கள். வீடு திரும்பிய அன்றே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவாகியிருந்த கறுப்பினத்தவர் 7 சதவீதம்கூட இல்லை. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வாக்கை 'அது சிவப்பு மாநிலம்' என்று ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிடுகிறோம்.

நம்பிக்கை: 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் தெற்கு ஒரே இரவில் கட்சி மாறியது.

பாதிதான் உண்மை. ஒரு காலத்தில் தெற்கு ஜனநாயகக் கட்சியின் அசைக்க முடியாத கோட்டை. 1964இல் அக்கட்சியின் அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டதும், அதே ஆண்டு அதிபர் தேர்தலில் மிசிசிப்பியில் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டருக்கு 87 சதவீத வாக்குகள் விழுந்தன. ஆனால் பன்னிரண்டு ஆண்டு கழித்து நடந்ததைப் பாருங்கள். 1976இல் ஜார்ஜியாவின் நிலக்கடலை விவசாயி ஜிம்மி கார்ட்டர், ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று, உள்நாட்டுப் போரின்போது நாட்டிலிருந்து பிரிந்துபோன 11 மாநிலங்களில் வர்ஜீனியா தவிர மற்ற 10 மாநிலங்களையும் அள்ளினார். ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சி ஆளுநர் பதவியைப் பிடித்தது 2002இல்தான். அலபாமா சட்டமன்றம் அந்தக் கட்சியின் கைக்கு வர 2010 வரை ஆனது. 136 ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

கென்டக்கியின் மலைப்பகுதியில் எலியட் என்றொரு சிறிய கவுண்டி. ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள், உழைப்பாளிகள். 1869இல் உருவானது முதல் 2012இல் ஒபாமா வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்கு. 2016இல் டிரம்புக்கு 70 சதவீதம். அதாவது 1964இன் அலை இங்கே வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது.

நம்பிக்கை: கட்சி தெரிந்தால் கொள்கை தெரிந்துவிடும்.

2020இல் டிரம்ப் சுமார் 26 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலம் கென்டக்கி. அங்கே 2019இலும் 2023இலும் ஆளுநர் தேர்தலில் வென்றவர் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷீர். (அங்கே ஆளுநர் என்றால் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சர் மாதிரி.) அரசியல் சாசனத்தில் கருக்கலைப்பு உரிமை இல்லை என்று எழுதிவைக்கும் திருத்தத்தை 2022இல் அதே கென்டக்கி வாக்காளர்கள் நிராகரித்தார்கள். லூசியானாவில் இதற்கு நேர்மாறு. 2019இல் கருக்கலைப்புக்குக் கடும் தடை விதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ், ஜனநாயகக் கட்சிக்காரர். ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தை அங்கே விரிவுபடுத்தியவரும் அவரேதான்.

புளோரிடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் டிரம்பை வெற்றி பெறச் செய்த அதே நாளில், குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்தும் திருத்தத்தை 60 சதவீதத்துக்கும் மேலானோர் ஆதரித்தார்கள். இரண்டையும் ஆதரித்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். வட கரோலினாவில் 2024இல் ஒரே வாக்குச்சீட்டில் அதிபராக டிரம்பும் ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனும் வென்றார்கள்.

நம்பிக்கை: குடியேறிகள் பெருகினால் தெற்கு தானாகவே நீலமாகிவிடும்.

ஜார்ஜியாவைக் காட்டிச் சொல்லப்படும் ஜோசியம் இது. ஆனால் டெக்சாஸின் தென்முனையில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்டார் கவுண்டியைப் பாருங்கள். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோ. மக்களில் 95 சதவீதத்துக்கும் மேல் ஸ்பானிய வம்சாவளியினர். 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனுக்கு அங்கே சுமார் 79 சதவீத வாக்குகள். எல்லைக் காவல் வேலை, எண்ணெய் வயல் வேலை, ஏறிக்கொண்டே போன மளிகை விலை எல்லாம் அந்த மக்களின் அன்றாடப் பேச்சு. 2024இல் அந்தக் கவுண்டி டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர் அங்கே அதற்கு முன் கடைசியாக ஜெயித்த ஆண்டு 1892.