ஆட்டிசமும் செரடோனினும்: மூளைக்குள் ஓர் ஆண்ட் கேட்!



ஆண்ட் கேட் நாம் எல்லோரும் படித்ததுதான். இரண்டு இன்புட்டும் 1 ஆக இருந்தால்தான் அவுட்புட் 1. "இத வச்சு என்னல செய்யப் போறோம்?" என்று கடைசி பெஞ்சில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்ட் கேட்தான் எங்கள் வீட்டுப் பிரச்சினை ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்குக் கைகொடுத்தது.

என் அண்ணனுக்கு வயது 26. ஆட்டிசம் உள்ளவன். அதிகம் பேச மாட்டான். சாரல் சீசனில் பழைய குற்றாலம் அருவியடியில் மணிக்கணக்காக நிற்பான். மைக் செட் சத்தம் கேட்டாலோ காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். தெரிந்தவர் ஒருவர், "மூளைய ஸ்கேன் எடுத்தா எது குறையுதுன்னு தெரிஞ்சிரும், அதுக்கு மருந்து குடுத்துரலாம்" என்று சொல்லிவிட்டார். அம்மா அடகு வைக்கக் கம்மலைக் கழற்றிவிட்டார்கள். "நீ படிக்கிற பிள்ளைலா, பாத்துச் சொல்லுய்யா" என்றார்கள். எங்கள் வீட்டில் மேற்படிப்புக்கு வந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தேடிப் படித்தேன்.

செரடோனின் என்றால் என்ன?

ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பும் ரசாயனங்களில் ஒன்று செரடோனின். வேலை முடிந்ததும் அதை அனுப்பிய செல்லுக்கே திரும்ப இழுத்து வரும் புரதத்துக்கு டிரான்ஸ்போர்ட்டர் என்று பெயர். குற்றாலத்தில் குளித்து முடித்த கூட்டத்தைத் தென்காசிக்குத் திரும்ப ஏற்றி வரும் டவுன் பஸ் மாதிரி! ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலரின் ரத்தத்தில் செரடோனின் அதிகம் இருப்பதை 1961லேயே கண்டார்கள். மூளையில் எப்படி? அதைப் பார்க்கத்தான் பெட் ஸ்கேன்.

பெட் ஸ்கேன் வேலை செய்யும் விதம்

டிரான்ஸ்போர்ட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் கார்பன்-11 அணுவைச் சேர்த்து ஊசி போடுவார்கள். அதிலிருந்து வரும் பாசிட்ரான், எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து, 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட இரு காமா கதிர்கள் எதிரெதிர் திசையில் பாயும். தலையைச் சுற்றி வளையமாக டிடெக்டர்கள் இருக்கும். எதிரெதிரே உள்ள இரண்டும் சில நானோ செகண்டுக்குள் ஒன்றாகச் சிக்னல் தந்தால்தான் கணக்கு. நம்ம ஆண்ட் கேட்! கார்பன்-11ன் அரை ஆயுள் 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரானும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கண்டது என்ன?

2010ல் ஜப்பானின் ஹமாமட்சுவில் ஆட்டிசம் உள்ள 20 இளைஞர்களையும் (18 முதல் 26 வயது) ஆட்டிசம் இல்லாத 20 பேரையும் ஒப்பிட்டனர். ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் இந்த டிரான்ஸ்போர்ட்டர் குறைவாக இருந்தது. 2011ல் அமெரிக்காவில் 17 பேரையும் 17 பேரையும் ஒப்பிட்டபோது வித்தியாசமே தெரியவில்லை. அவர்கள் ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் உள்ள பெரியவர்கள். 2021ல் வெளியான ஸ்வீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா ஆய்வில் 15க்கு 15. அதில் மறுபடியும் குறைவு.

நண்பர்களே, இங்கேதான் கவனம் வேண்டும். இவையெல்லாம் சராசரிகள். நம் வகுப்பின் சராசரி மார்க்கை வைத்து என் மார்க்கைச் சொல்ல முடியுமா? அதுபோல ஒருவருடைய ஸ்கேனைப் பார்த்து ஆட்டிசம் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. செரடோனினைச் சரிசெய்து ஆட்டிசத்தை மாற்றும் மருந்தும் இன்றுவரை உறுதிப்படவில்லை. வலிப்பு போன்ற காரணத்துக்காக டாக்டரே ஸ்கேன் கேட்டால் அது வேறு விஷயம்.

ஆட்டிசத்தை அறிவது நடத்தையைக் கவனித்துத்தான். அதற்கு 40 கேள்விகள் கொண்ட ஐசா என்னும் இந்திய அளவுகோலே உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ இவன் இப்படித்தாம்லா?" என்று கேட்டார்கள். "ஆமாம்மா, இப்படித்தான். ஆனா சர்டிபிகேட் வாங்கலாம், பயிற்சி குடுக்கலாம்" என்றேன். கம்மல் மறுபடி காதுக்குப் போனது. அண்ணனுக்குச் சான்றிதழ் வாங்க இருவரும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். படித்த பிள்ளை என்று உங்களிடம் கேட்பார்கள். தெரிந்து சொல்லுங்கள், நண்பர்களே!