சந்திரதால் அருகே கூடாரத்தில் தங்கப் போகிறீர்களா?

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதியில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சந்திரதால் ஏரி. கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை. சில கிலோமீட்டர் தள்ளித்தான் முகாம்கள். ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான் பொதுவாகப் பாதை திறந்திருக்கும்.

அங்கே குளிரைவிட உயரம்தான் ஆபத்து. மணாலி ஏறக்குறைய 2,000 மீட்டர்தான். அங்கிருந்து ஒரே நாளில் ஏறி, அன்றிரவே தங்குவது உடம்புக்கு ஆகாது. சிம்லா, கின்னௌர் வழியாக மெதுவாக காஜா வந்து, இரண்டு மூன்று இரவு தங்கிப் பழகிக்கொண்டு பிறகு போங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாதீர்கள். மூச்சுத்திணறலோ தள்ளாட்டமோ கண்டால் விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். காஜா பக்கம் போக குன்ஸும் கணவாயை ஏற வேண்டும். பாதல் வழியே மணாலி பக்கம் போனால் இறக்கம்தான். மது வேண்டவே வேண்டாம்.

இரவில் பகலில் போட்ட காலுறையைக் கழற்றி, உலர்ந்ததை மாட்டுங்கள். செல்போன், பவர்பேங்க் இரண்டும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கட்டும்; குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

ரொக்கப் பணம் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் குப்பையை நீங்களே திருப்பிக் கொண்டுவாருங்கள்.